மத்தியான வகுப்பும் ஒரு நிச்சயப் பத்திரிகையும்

மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டால் இன்றைக்கும் என் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. போவதற்கு இடம் இல்லை என்பது வாசற்கதவுவரை வந்த பிறகுதான் நினைவுக்கு வரும். மயூர் விஹாரில் மூன்றாம் மாடியில் என் வீடு. ஜங்புராவில், நாலா என்று சொல்லும் பெரிய சாக்கடைக் கால்வாய்க் கரையில், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில், நாங்கள் நடத்திய வகுப்பு. வகுப்பு நடந்த அறையும் அந்த அறை இருந்த சந்தும் இப்போது இல்லை. இடித்துத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்த மத்தியானங்கள் திரும்ப வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் யார் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்!

நான் வகுப்பெடுக்கப் போனதே சமூக சேவை செய்யும் ஆசையில் இல்லை. மத்திய சர்க்கார் ஆபீசில் கோப்பு எழுதியே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் என் கணவர் போய்விட்டார். அதற்குப் பிறகு காலையும் சாயங்காலமும் எப்படியோ கழிந்துவிடும். மத்தியானம்தான் ஆளைத் தின்றது. பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "அம்மா, சும்மா உக்காந்திருக்காதே, வாக்கிங் போ" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தில்லி வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு எந்தக் கிறுக்கி வாக்கிங் போவாள்? எதிர் பிளாக்கில் இருந்த ஒரு தோழி, கேம்ப்பில் பெரிய பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷம் நோட்டிங் போட்டீங்களே, ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்க முடியாதா?" என்று கேட்டாள். அந்த 'முடியாதா'வுக்காகவே கிளம்பிப் போனேன்.

கேம்ப்புப் பெண்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கோட்டிகளில் வீட்டு வேலை செய்தவர்கள். பெரிய பங்களா வீடுகளுக்குத் தில்லியில் கோட்டி என்று பெயர். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. நடுவில் கிடைக்கும் இடைவெளியில் தங்கள் வீட்டுச் சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஈரப் புடவைத் தலைப்போடு ஓடி வருவார்கள். கோயிலை ஒட்டித் தகரக்கூரை போட்ட ஓர் அறை. பக்கத்தில் ரயில் போனால் பாடம் நின்றுவிடும். நாலா நாற்றம் முதல் வாரம்தான் தெரிந்தது. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்பது ஏற்பாடு. இல்லாவிட்டால் அம்மாக்கள் வரமாட்டார்கள். ஆகவே அம்மாவும் மகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் படித்தார்கள்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் அம்மாவைவிட வேகம். அம்மா ஓர் எழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும்போதே, "அம்மா, ஜல்தி! 'பட்டம்' மா!" என்று கத்திவிடுவார்கள். பிள்ளைகளைவிட மோசம், வகுப்பிலேயே ஒரு முந்திரிக்கொட்டை. கொஞ்சம் எழுத்து முன்பே தெரிந்தவள். யார் தடுமாறினாலும் இவள் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் எனக்குக் கோபம் வந்து சட்டம் போட்டேன்.

"இனிமே யாரும் யாருக்கும் எடுத்துக் குடுக்கக் கூடாது, சொல்லிட்டேன். படிக்கிறவ எவ்வளவு நேரம் எடுத்தாலும் வாயை மூடிட்டுக் காத்திருக்கணும். மீறினவதான் அன்னிக்கு டீ கிளாஸ் முழுக்கக் கழுவணும்."

"பேசிப் பேசியே பொழச்சவக்கா நானு. வாய மூடுன்னா எப்படி?" என்றாள் முந்திரிக்கொட்டை.

"கையால பொத்திக்கோ."

அந்த மாதம் முழுக்க டீ கிளாஸ் கழுவியது அவள்தான். நான் 'சொல்லுதேன்', 'கேக்கேன்' என்று திருநெல்வேலித் தமிழில் இழுப்பதை நடித்துக் காட்டிக்கொண்டே கழுவுவாள். அவளுக்கு அதுதான் பழிவாங்கல்.

பாடப்புத்தகம் எடுபடவில்லை. பட்டம், பழம், பால் என்று படம் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது கொழந்தப் புள்ளைங்க படிக்கிறதுக்கா" என்று மூடி வைத்துவிட்டார்கள். அப்போதுதான் எங்கள் வீட்டுப் பரண் நினைவுக்கு வந்தது. மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போடக்கூடாது என்பது என் கணவர் கட்சி. வந்த பத்திரிகையை எல்லாம் சேர்த்து வைத்து, பரணில் இரண்டு சூட்கேஸ் நிறைய அடைத்திருந்தார். உயிரோடு இருந்தபோது அதற்காக அவரோடு போடாத சண்டை இல்லை. அவற்றை அள்ளிக்கொண்டு போய்ப் பாயில் கொட்டினேன்.

அன்றோடு வகுப்பின் முகமே மாறிவிட்டது. கொட்டை கொட்டையான எழுத்து. எல்லாம் காதால் கேட்டுப் பழகிய சொற்கள். 'நிகழும் மங்களகரமான' என்று ஒருத்தி தொடங்கினால் மற்றவர்களுக்கு அடுத்தது என்ன என்று உதடு துடிக்கும். கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். யார் வீட்டுக் கல்யாணம், எந்த மண்டபம், தாய்மாமன் பெயர் எங்கே, அத்தை பெயரை ஏன் விட்டார்கள், அதற்கு எத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பாள் என்று பேசிப் பேசியே படித்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்துக்கு நாங்கள் அந்தத் தகரக்கூரைக்குக் கீழே சம்பந்தி ஆகியிருந்தோம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பத்திரிகைகளுக்காகவே வந்து சேர்ந்தாள் ஒருத்தி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. இரண்டு கோட்டிகளில் பாத்திரம், துணி. புருஷன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். நெஞ்சில் சளி கட்டி, நாள்பட்ட காய்ச்சலில் கிடந்து போய்விட்டார். ஒரே மகள், மருந்துக்கடையில் வேலை. கடையில் இடைவேளை கிடைத்தால் அம்மாவோடு வந்து பாயில் உட்காரும் ஆள்தான் அந்த மகளும். முதல் நாளே வந்து என் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள் அம்மாக்காரி.

"எனக்கு ஆனா ஆவன்னா எல்லாம் வேணாம்க்கா. எம் பொண்ணு நிச்சயத்துல பத்திரிகய நாந்தான் படிக்கணும். அத மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க."

"மாவு ஆட்டாம இட்லி கேக்கியா? என்னத்துக்கு நீ படிக்கணும்? உங்கள்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

நிச்சயதார்த்தத்தில் இரண்டு வீட்டாரும் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுப்பதாக எழுதிய பத்திரிகையைச் சபையில் உரக்கப் படிப்பார்கள். படித்தால்தான் தாம்பாளம் மாறும். படிப்பது எப்போதும் ஆண்கள்தான். அப்பா இல்லாவிட்டால் அப்பாவின் ஸ்தானத்தில் இருப்பவர். அவள் வீட்டில் அது யார் என்று கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"இருக்கான் ஒருத்தன். அவரு தம்பி. அண்ணன் ஆஸ்பத்திரில கெடக்கச்சொல்ல ஒரு வாட்டி எட்டிப் பாத்ததில்ல. காரியத்தன்னைக்கு மொத ஆளா வந்து தலைவாழ எல போட்டு துன்னுட்டுப் போனான். எம் பொண்ணு பேரு அவன் வாயால வரக்கூடாதுக்கா. வந்துச்சுன்னா அங்கயே எழுந்து போயிடுவேன்."

"சரி. அப்ப ஆனாவிலருந்து வா" என்றேன்.

ஒவ்வோர் எழுத்துக்குக் கீழேயும் விரலை வைத்து, அது போகுமுன் பிடித்துவிட வேண்டும் என்பது போல அழுத்திக்கொண்டு படிப்பாள். குளிர்காலம் வந்தது, போயிற்று. சுபயோக சுபதினத்தில் என்பதை ஒரே மூச்சில் படித்த நாளில் முந்திரிக்கொட்டை தன் செலவில் எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்தாள். மகளுக்கும் இடம் அமைந்தது. பையன் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், ஏசி மெக்கானிக். அந்த வாரமே பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய மகளின் நிச்சயப் பத்திரிகையைத் தடித்த மார்க்கரில் எழுதிக் கொடுத்தேன். தினமும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பாள். நடுவில் பெண்ணின் அப்பா பெயர் வரும் வரியில் மட்டும் விரலைச் சர்ரென்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"அது தெரியும்க்கா. மேல போலாம்."

நாங்களும் மேலே போனோம். அந்த அறையில் இருந்த ஒருத்திக்குக்கூட அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கேம்ப்பில் எப்போதும் இருந்ததுதான். அதனால் யாரும் நம்பவில்லை. ஒரு கோடையில் நிஜமாகவே இடித்துவிட்டார்கள். நான் போனபோது கோயில் பக்கத்து அறை செங்கல் குவியலாகக் கிடந்தது. என் கணவர் சேர்த்து வைத்த பத்திரிகைகள் அதற்கடியில் எங்கேயோ. அலமாரியையும் சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரவர் அழுதுகொண்டிருக்கும்போது, போயும் போயும் பழைய பத்திரிகைக்காக நான் வாய்விட்டு அழ முடியுமா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கள்ளக்குறிச்சிக்காரி என்னைப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள் நாலாக மடித்த காலண்டர்த் தாளைக் காட்டினாள்.

இடித்ததற்கு மாற்றாக அவளுக்குச் சர்க்காரிடமிருந்து நரேலாவில் வீடு கிடைத்தது. முந்திரிக்கொட்டைக்குக் கிடைக்கவில்லை, வேறெங்கோ வாடகைக்குப் போனாள். ஒரு பாயில் உட்கார்ந்த பெண்கள் தில்லியின் நாலு மூலைக்கும் சிதறிப் போனார்கள். நரேலா தில்லியின் கடைசி. பழைய கோட்டி வேலைக்கு வர விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். மத்தியான இடைவெளி என்ற ஒன்றே அவளுக்கு இல்லாமல் போனது. நான் போன் செய்வேன். பஸ் இரைச்சலுக்கு நடுவில் இரண்டு வரி படிப்பாள், அதற்குள் யாராவது இடித்துவிடுவார்கள்.

"எழுத்தெல்லாம் ஒண்ணொண்ணா மறந்துக்கினே வருதுக்கா. அந்த ரூம்பு இருந்தா வந்துடும். இங்க வர மாட்டேங்குது" என்றாள் ஒருநாள்.

"எல்லாம் வரும். வராம எங்க போயிரப் போவுது" என்றேன். போனை வைத்துவிட்டு எனக்கே நம்பிக்கை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நிச்சயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பழைய வகுப்பு நேரம். மெட்ரோவில் அஸாத்பூர், அங்கே மாறிக் கடைசி ஸ்டேஷன், பிறகு பஸ், பிறகு ஈ-ரிக்‌ஷா. முழங்கால் வலியை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் எங்கள் வகுப்புப் பெண்கள். நாலு மூலையிலிருந்தும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முந்திரிக்கொட்டை, "வருதேன் வருதேன்னு வந்துட்டாங்கப்பா" என்று கட்டிக்கொண்டாள். அவர்களை ஒரே ஜமக்காளத்தில் பார்த்ததும் முழங்காலை மறந்து நடுவில் போய் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். எல்லோர் கண்ணும் கடிகாரத்தில். கேம்ப்புக் கோயில் பூசாரி பத்திரிகையை எழுதி வைத்திருந்தார். அவரிடம் முன்பே சொல்லிக் கொட்டை எழுத்தில் எழுத வைத்திருந்தாள். அவர் அதை எடுத்ததும், புதுச் சட்டை போட்ட ஓர் ஆள் கையை நீட்டினார். கொழுந்தனார்.

"பூசாரி, அத என் கையில குடுங்க" என்று அவள் எழுந்தாள்.

"அண்ணி, நான் இருக்கச்சொல்ல நீ எதுக்கு? பையன் வூட்டுக்காரங்க என்னா நெனப்பாங்க?"

மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, புருஷன் இல்லாதவள் சபையில் எப்படி என்று பக்கத்தில் முணுமுணுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்தே விட்டேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "பெத்தவ படிக்கட்டும். ஜல்தியா படிச்சுடுங்க சம்பந்தி, நேரம் ஆவுது" என்று முடித்துவிட்டாள்.

அவள் படித்தாள். விரலை அழுத்தி, எழுத்து எழுத்தாக. நிகழும். மங்களகரமான. வருடம் வந்தது, மாதம் வந்தது. சுபயோக சுபதினத்தில் என்பதில் ஒரு முறை திக்கி, திரும்ப வந்து பிடித்தாள். பையன் பெயர், பையனின் அப்பா அம்மா பெயர் எல்லாம் சரியாக வந்தன. ஜமக்காளத்தில் நாங்கள் மூச்சே விடவில்லை. 'காலஞ்சென்ற' என்று படித்தாள். நின்றுவிட்டாள்.

அடுத்த சொல் அவள் புருஷனின் பெயர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் ஒவ்வொரு மத்தியானமும் விரலை இழுத்துக்கொண்டு போன அந்த வரியை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. எங்களில் யாருக்குத்தான் பழக்கம்? எதையெல்லாமோ சொல்லிக்கொடுத்தேன், அந்த ஒரு பெயரைச் சொல்லிப் பார் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

விரல் அங்கேயே நின்றது. சபை நெளிந்தது. "தெரியலன்னா குடு அண்ணி" என்று கொழுந்தன் தாளின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் விடவில்லை. யாரோ நேரத்தைச் சொன்னார்கள். மகள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பா பெயர் தெரியாதா, எங்களுக்குத்தான் தெரியாதா? நான் பக்கத்தில் பார்த்தேன். முந்திரிக்கொட்டை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் விரல் மேல் வழிந்தது. எங்கள் ஜமக்காளத்தில் ஒருத்திகூட எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தோம்.

அவள் சொன்னாள். முதலில் குரலே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு விரலை மறுபடி முதல் எழுத்துக்குக் கொண்டு வந்து வைத்து, ஷாமியானாவுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைப் படித்தாள். அதற்குப் பிறகு மீதி மளமளவென்று வந்துவிட்டது. மகள் பெயரைப் படித்தபோது சிரித்தாள்கூட. ராகு காலத்துக்கு முன்னால் தாம்பாளம் மாறியது. கொழுந்தனும் வாழை இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அதில் ஒன்றும் குறைச்சலில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர கூப்ட்ட மாரி இருந்துச்சுக்கா" என்றாள். "இத்தினி வருசம் குடுத்தனம் பண்ணி ஒரு வாட்டிகூட கூப்ட்டதில்ல. ஏங்க, இந்தாங்கன்னே போயிடுச்சு. ஒரு வாட்டி பேரச் சொல்லி கூப்ட்டு இருந்தா திரும்பிப் பாத்து இருப்பாரு இல்ல? எப்பிடிப் பாத்து இருப்பாரோ."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. கேஸ் இணைப்பு, பென்ஷன், பாங்க், மரணச் சான்றிதழ் என்று என் கணவர் பெயரை நான் எழுதாத காகிதம் இல்லை. கவுன்டரில், "பதி கா நாம்?" என்று கணவர் பெயர் கேட்டால் காகிதத்தைத் தள்ளி விரலால் காட்டியிருக்கிறேன். ஆபீசில் அவரைப் பற்றிக் கேட்டால் 'அவுக' என்பேன். கோபம் வந்தாலும் 'ஏங்க'தான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அவர் கண் மூடிக் கிடந்தபோது, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், சில சமயம் காதில் விழும் என்றாள் நர்ஸ். 'ஏங்க, ஏங்க' என்றுதான் கூப்பிட்டேன். அந்த வார்டில் எத்தனையோ பேருக்கு அது பொதுவான சொல்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது நன்றாக இருட்டி, மாடிப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் வேறு யாரும் இல்லை. கதவில் அவருடைய பெயர்ப் பலகை. மேலே ஆங்கிலத்தில் பெரிதாக, கீழே அவர் அடம்பிடித்துப் போடவைத்த தமிழில் சின்னதாக. சாவியைப் பையிலேயே விட்டுவிட்டு, முதல் எழுத்துக்குக் கீழே விரலை வைத்தேன். வெகுநேரம் வரவில்லை. எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. பிறகு எழுத்து எழுத்தாக முழுப் பெயரையும் படித்தேன், உரக்க.

உள்ளே சத்தமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டேன்.